ஈரச் சாக்கு மறைத்த ஒளி

சித்திரை, செவ்வாய் இரவு

சரசு அக்காவின் கோழிப்பண்ணையில் இன்று வெக்கை தாங்காமல் கோழிகள் செத்துவிட்டன. அந்தக் குவியலைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செட்டுக்குள் சூடு ஏறினால் என் சென்சார் பெட்டி ஒளிக்கற்றை வழியாக அக்கா வீட்டுக்குத் தகவல் அனுப்பும். அங்கே மணி அடிக்கும்; இரண்டுமே பேட்டரியில் ஓடுபவை. என் பிஎச்.டி.யே அதுதான். மார்கழியில் சோதித்தபோது ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் கோடை வந்தால் இங்கே எல்லாப் பண்ணையிலும் செட்டைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவார்கள். நாமக்கல்லில் பிறந்த எனக்கு அது தெரியாதா? இன்று சாக்கு ஒளியை மறைத்துவிட்டது. மதியம் கரண்ட் போய் ஃபேன்கள் நின்றன. மணி அடிக்கவே இல்லை.

"உன்ற பொட்டி சொல்லும்னுதானே சாமி, நான் ஊட்டுல படுத்திருந்தேன்" என்றார் அக்கா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ஏறிய சூடு முழுவதும் அதில் பதிவாகியிருந்தது. கடைசிவரை அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, சாக்கிடம்.

கைடுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அருமையான டேட்டாம்மா. இதையே ஒரு பேப்பராப் போட்டுடலாம்" என்றார்.

சரிங்க சார் என்றேன்.