எனக்குக் கண்ணாடி அறை வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சளி, காய்ச்சல், மூட்டுவலி என்று ஒன்றும் இல்லாமல் திடமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திடமாக இருக்கிறேன் என்று நான் வழக்கத்துக்காக எழுதவில்லை. திடமாக இருக்கிற உன் அம்மாவை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நிற்க முடியாதவர்கள் கூட்டத்தில் சேர்த்துவிட்டாய். நீ எனக்குச் செய்த தப்பு இதுதான், சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். உங்கள் ஊர்க் குளிர்காலத் திருவிழாவுக்கு நாங்கள் வருகிற பயண விவரத்தை உன் தம்பி போனில் படித்துக் காட்டினான். விமானம் சரி, மலையேறுகிற பஸ் சரி, தங்குகிற அறையும் சரி. கடைசியில், விளக்குத் தெருவின் மேல்முனைக் கண்ணாடி அறையில் நின்று பார்க்க இயலாத பெரியவர்களுக்கான இருக்கை இரண்டு, என்று படித்தான். யாருக்குடா அது என்று கேட்டேன். உனக்கும் அப்பாவுக்கும்தாம்மா, உள்ள ஹீட்டர் எல்லாம் இருக்காம், மெத்துனு உக்காந்து பாருங்க என்றான். மாப்பிள்ளை தேடிப் பிடித்துப் பதிவு செய்தாராம். மாப்பிள்ளையை நான் ஒன்றும் சொல்ல முடியாது, அவருக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து நீயே வாங்கிக்கொள்.

இது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நீ போனில் எழுதி அனுப்பினாய், அம்மா இங்க பனி முழங்கால் வரைக்கும் இருக்கும், உன்னால தாங்க முடியுமா என்று. நான் உடனே பதில் போட்டேன், முழங்கால் வரைக்கும்தானே, தலையில இறங்காத பனி என்ன பண்ணிடும், காதைக் கட்டிக்கிட்டாப் போச்சு என்று. அதைப் படித்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்களாம், அப்புறம் சிரிப்பு நின்று பயம் வந்துவிட்டதாம், தம்பி சொன்னான். சிரித்ததற்கு நான் கோபப்படவில்லை. எனக்கே பிற்பாடு சிரிப்பு வந்தது. ஆனால் நீயும் இந்த ஊரில் பிறந்தவள்தானே, இங்கே பனி என்றால் காலையில் ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துவிட்டு உட்கார வேண்டிய சமாசாரம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீ சொன்ன பனி மண்வெட்டியால் வாரிக் கொட்டுகிற பனி என்று நீ சொன்னால்தானே தெரியும். இரண்டுக்கும் ஒரே பேரை வைத்தது நான் இல்லை. அடுத்த வீட்டுத் தையல்காரர் என் பேச்சை நம்பி எனக்கும் உன் அப்பாவுக்கும் காதை மூடுகிற மாதிரி பஞ்சு வைத்துத் தொப்பி தைத்துக் கொடுத்துவிட்டார், அதைப் போட்டுக்கொண்டால் உன் அப்பா பால் புட்டி மாதிரி இருக்கிறார். ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தாள் என்பதற்காக ஒரு மனுஷிக்குக் காலே இல்லை என்று முடிவு கட்டுவார்களா, அதுதான் என் கேள்வி.

நீயும் சேர்ந்து விளக்கு போட்ட போன வருஷத் திருவிழா வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. என் கடைக்கு மிக்சி ரிப்பேருக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் மிக்சியை வாங்கிக்கொண்டு போக முடியாது. ஒருவர் கேட்டேவிட்டார், கரண்ட் அக்கா, இதைப் பார்த்தாத்தான் என் மிக்சி ஓடுமா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் எனக்கு அந்த ஊர் ஜனங்களைத்தான் பிடித்தது. உறைந்துபோன ஏரியில் இறங்கி, ரம்பத்தை வைத்து மரம் அறுக்கிற மாதிரி பனிக்கட்டியை அறுத்து, பாளம் பாளமாகக் கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள், ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடிக்கிறார்கள், நடுவில் ஒருத்தர் சறுக்கி விழுந்தால் விழுந்தவரே முதலில் சிரிக்கிறார். இளகிப் போய்விடும் என்று தெரிந்தே இத்தனை பாடு படுகிற ஜனங்களை நான் பார்த்ததில்லை. அப்புறம் இருட்டுகிறது, தெரு முழுக்க அந்தப் பாளங்கள் தூண் தூணாக நிற்கின்றன, கீழே ஆற்றுப் பாலத்துப் பக்கம் முதல் தூணில் வெளிச்சம் ஏறுகிறது, அது நிறைந்த பிறகுதான் அடுத்தது, அது நிறைந்த பிறகுதான் அதற்கு அடுத்தது, ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் வாங்குகிற மாதிரி தெரு நெடுக மேலே ஏறி வருகிறது. பல்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, கட்டிக்குள் வெளிச்சம் ஊறி நிற்கிறது. நான் படத்தை நிறுத்தி நிறுத்தி வயரைத் தேடினேன். என் கண்ணுக்கு ஒரு வயர் கூடப் படவில்லை. எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் யாரும் வயரை மறைக்க முடியாது என்று நினைத்திருந்தேன், என் மகளே மறைத்துவிட்டாள். சூடு பட்டால் கரைகிற பொருளுக்குள் சூட்டை வெளியே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் எப்படி அனுப்பினாய் என்று யோசித்து யோசித்து ஒருநாள் கையில் இருந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயிலைத் தப்பாகச் சுற்றிவிட்டேன், எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று. போன வருஷம் அந்த வேலையில் நீ உதவிக்கு நின்றவள். இந்த வருஷம் தெரு முழுக்க உன் பொறுப்பு, மெயின் சுவிட்சில் உன் கை. இதை நீ சொன்ன அன்றைக்கு நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா பயந்துபோய், என்ன ஆச்சு, ஷாக் அடிச்சிருச்சா என்று கேட்டார்.

அதே வீடியோவில் இன்னொன்றையும் பார்த்தேன். முன்வரிசையில் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு அம்மாள் நிற்கிறாள், எனக்கு மூத்தவள், மூக்கு சிவந்து தக்காளி மாதிரி இருக்கிறது, ஆனால் கையைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கும் மகளும் மருமகனும் இருப்பார்கள்தானே.

சரி, பேசிப் புண்ணியமில்லை, செய்து பார்த்துவிடுவோம் என்று மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற குளிர்பதனக் கிடங்குக்குப் போனேன். அங்கே ஓடுகிற விசிறி மோட்டார் எல்லாம் நான் சுற்றியதுதான், மேற்பார்வையாளருக்கு என்னை நன்றாகத் தெரியும். தினமும் கொஞ்ச நேரம் உள்ளே நின்று பழகிக்கொள்கிறேன் என்றதும் அவர், அம்மா இது ஆப்பிள் வைக்கிற இடம், ஆளை வைக்கிற இடம் இல்லை என்றார். ஆப்பிள் தாங்கும்போது நான் தாங்க மாட்டேனா என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பெட்டி அடுக்குகிற பெண்கள் என்னைப் பார்த்ததும் ஒரே கலகலப்பு. ஒருத்தி, என்னக்கா, கெட்டுப்போகாம இருக்கணும்னு உள்ள வந்துட்டீங்களா என்றாள். இன்னொருத்தி, அக்காவை மேல் தட்டுல வைங்கடி, கீழே வச்சா நசுங்கிடும் என்றாள். உள்ளதைச் சொல்கிறேன், முதல் தடவை தோற்றுத்தான் வெளியே வந்தேன். மூக்கு ஒழுகியது, விரலை மடக்க முடியவில்லை, மூக்குக்கண்ணாடி ஆவி பிடித்துப்போய் மேற்பார்வையாளரை உன் அப்பா என்று நினைத்து டீ கேட்டேன். உன் அப்பா வாசலில் பிளாஸ்கோடு நின்றுகொண்டு, போதும் வா, ஐஸ்கிரீமா ஆயிட்டா உன்னை யார் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது என்றார். மறுநாளும் போனேன். அந்தப் பெண்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள், கெட்டியாக ஒன்று போடுவதற்குப் பதில் மெல்லிசாக இரண்டு சாக்ஸ் போட வேண்டும், ஷூவை இறுக்கிக் கட்டக் கூடாது, நட்ட கம்பம் மாதிரி நிற்காமல் குதிகாலுக்கும் விரலுக்கும் மாறி மாறிச் சாய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று. அந்தக் குளிரில் நாள் முழுக்க வாய் ஓயாமல் சிரித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு பக்கம் பொறாமையாகக் கூட இருக்கிறது. இப்போது ஆப்பிள் அறை எனக்கு நம் வீட்டுக் கூடம் மாதிரி ஆகிவிட்டது. போன வாரம் பட்டாணி உறைய வைக்கிற அறைக்கு என்னை மாற்றிவிட்டார்கள், அங்கேதான் உங்கள் ஊர்க் குளிர் இருக்கிறதாம். அங்கேயும் நின்றேன். வெளியே வந்ததும் மேற்பார்வையாளர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இனிமே உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா என்றார். எனக்கு எதையும் யாரும் உட்கார வைத்துக் கற்றுக் கொடுத்ததில்லை, எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்த்துத்தான் காயில் சுற்றக் கற்றேன், குளிரையும் அப்படித்தான் கற்றிருக்கிறேன். இதை நீ நம்பாவிட்டால் அந்தப் பெண்களிடம் போன் போட்டுக் கேள், உன்னோடு பேச வேண்டும் என்று அவர்களும் துடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் அப்பாவுக்குக் கண்ணாடி அறை பிடித்துவிட்டது. எனக்கு அது போதும்மா, சூடா ஒரு டீயும் குடுத்தா அங்கேயே குடித்தனம் பண்ணுவேன் என்கிறார். அவர் தாராளமாகப் பண்ணட்டும், குளிர் பட்டால் அவருக்கு மார்பில் சளி கட்டிவிடும், அவருக்கு அதுதான் சரி, அதில் எனக்கு வழக்கு இல்லை. எனக்கு ஏன் வேண்டாம் என்றால், நீ அனுப்பிய தெருப் படத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். அந்த அறை மேல்முனையில் இருக்கிறது, நீ சுவிட்ச் போடுகிற இடம் கீழ்முனையில், பாலத்துப் பக்கம். வெளிச்சம் ஏறி முடித்த பிறகுதான் அங்கே வந்து சேரும், ஆரம்பிக்கிற இடம் தெரியவே தெரியாது. உள்ளே விளக்கு எரிந்தால் கண்ணாடியில் என் மூஞ்சிதான் எனக்குத் தெரியும், அதைப் பார்க்க நான் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து நீ செய்தது எல்லாவற்றையும் நான் போன் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். நீ முதன்முதலாகக் கம்பத்தில் ஏறியதும் அதில்தான், புது வீட்டுக்கு நீயே வயரிங் செய்ததும் அதில்தான், காய்ச்சலில் படுத்துக்கொண்டு ஒன்றும் இல்லம்மா என்று பொய் சொன்னதும் அதில்தான். உன் பேச்சு ஒரு பக்கம் வரும், வாய் அசைவது அப்புறம் வரும். மலையேறி வந்த பிறகும் ஒரு கண்ணாடிக்குப் பின்னால்தான் நான் உன்னைப் பார்க்க வேண்டுமா? உன் முதல் தூணில் வெளிச்சம் ஏறுகிறபோது நான் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். இதை விட்டுவிட்டு மற்ற எதை வேண்டுமானாலும் உன் இஷ்டப்படி செய்துகொள்.

ஆகையால் இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். என் பெயரில் இருக்கிற இருக்கையை இந்த வாரமே நீ திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நிஜமாகவே நிற்க முடியாத யாராவது அதில் உட்காரட்டும். உன் அப்பாவின் இருக்கையைத் தொடாதே. மாப்பிள்ளையிடம் என் கால் அளவைத் தம்பி சொல்லுவான், இரண்டு சாக்ஸுக்கும் இடம் இருக்கிற மாதிரி, வழுக்காத அடியுள்ள பூட்ஸ் ஒரு ஜோடி அவர் வாங்கி வைக்க வேண்டும், அவர் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர், இதையும் செய்வார் என்று நான் சொன்னதாகச் சொல். விமான நிலையத்தில் எனக்குச் சக்கர நாற்காலி சொல்லியிருந்தால் அதையும் அவரே நிறுத்த வேண்டும், வழி கேட்க எனக்கு வாய் இருக்கிறது. எங்களோடு வருகிற தம்பி விழா அன்றைக்கு உள்ளே அப்பாவின் இருக்கைக்குப் பக்கத்தில் துணைக்கு நிற்க வேண்டும், என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று வெளியே வரக் கூடாது. அப்பா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும், குளிருதா குளிருதா என்று எனக்கு நிமிஷத்துக்கு ஒரு போன் போடக் கூடாது. நீ ஏணியில் ஏறுவதற்கு முன்னால் அடியில் ஒருத்தரை நிறுத்திக்கொள்ள வேண்டும், ஈரக் கையுறையோடு போர்டைத் தொடக் கூடாது, எர்த் சரியாக இருக்கிறதா என்று அடுத்தவர் சொன்னதை நம்பாமல் நீயே ஒரு தடவை பார்க்க வேண்டும். இதற்குப் பதிலைக் கடிதமாகவே எழுது, போனில் பேசினால் நீ அழுவாய், நான் சரி என்று சொல்லித் தொலைப்பேன். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்ட விளக்கெல்லாம் எரிய வேண்டும், இது என் ஆசீர்வாதம், உன் அப்பாவுடையதும்தான். அன்று சாயங்காலம் கூட்டத்தில் அம்மா எங்கே நிற்கிறாள் என்று நீ திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சுவிட்சைப் போடுவது உன் வேலை. உன்னைக் கண்டுபிடித்து வந்து நிற்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சொன்னதை மாற்றிக்கொள்ளாத உன் அம்மா