தனக்கென ஒரு நிமிடம்

அம்மா,

உன் நினைவுக் கூட்டத்துக்கு அச்சடித்த தாள் என் எதிரே மேசைமேல் கிடக்கிறது. அச்சு மையின் நெடி இன்னும் போகவில்லை. மடித்த இடத்தில் உன் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது. படத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருக்கிறார்கள்: 'வீடும் தொண்டுமே உலகமென வாழ்ந்தவர். தனக்கென ஒரு நிமிடமும் ஒதுக்கிக்கொள்ளாத தியாகச் சுடர்.'

வெள்ளிக்கிழமை தபாலில் இது வந்தபோது நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம்தான். அதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் எனக்கு இது பறிமுதலாகத்தான் பட்டது. என்ன பாடுபட்டு உனக்கென்று பிடித்துவைத்துக்கொண்ட நிமிடங்கள்! அவற்றை ஒரே வரியில் இல்லாமல் செய்துவிட்டார்கள். அதிலும் எழுதியவர் யார்? நம் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் இப்போதைய தலைவர். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அந்தச் சங்கத்து வாசகசாலைக்குக் காரியதரிசியாக இருந்தாரே, அவரேதான்.

அப்போது சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. உனக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு. எந்த ஷிப்ட் விழுந்தாலும் சைக்கிளில்தான் போவாய். வெள்ளைச் சேலையின் ஓரத்தை ஊக்கால் பிடித்துக்கொண்டு, விசிலடித்துக்கொண்டே மிதிப்பாய். அந்த நாளில் மைசூரில் விசிலடிக்கிற பெண்பிள்ளை நீ ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாய். அடிப்பதெல்லாம் கிறிஸ்தவக் கீர்த்தனை மெட்டு என்பதால் பாதிரியாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உன் கையில் ஒரு புத்தகம் முழுசாக இருந்து நான் பார்த்தது குறைவு. சொந்தமாக வாங்கிய நாவல் என்றால் முதல் நாளே முதுகுத் தையலைப் பிரித்து, பதினாறு பதினாறு பக்கக் கட்டுகளாக ஆக்கிவிடுவாய். ஒரு நாளைக்கு ஒரு கட்டு, ஏப்ரன் பையில். வெந்நீர் கொதிப்பதற்குள் இரண்டு பக்கம். டாக்டர் மாடிப்படி ஏறி வருவதற்குள் ஒரு பக்கம். எல்லாக் கட்டும் முடிந்த பிறகு, புண் தைக்கிற வளைந்த ஊசியும் பட்டு நூலுமாக உட்கார்ந்து மறுபடி தைத்து அட்டை ஒட்டுவாய். நம் அலமாரியில் இருந்த புத்தகம் எதைத் திறந்தாலும் டிஞ்சர் வாசனை அடிக்கும்.

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாய். ஏன் என்று கேட்டேன். "யார் பொழைக்கிறாங்க, யார் பொழைக்கலைன்னு முதல்லயே தெரிஞ்சுட்டா அப்புறம் நிம்மதியாப் படிக்கலாம். ஆஸ்பத்திரியில அந்த வசதி இல்லையே" என்றாய்.

நீ படிக்கும்போது யார் கூப்பிட்டாலும் தலை நிமிராது. ஒரு விரல் மட்டும் உயரும். 'இந்தப் பத்தி முடியட்டும்' என்று அர்த்தம். அப்பா, நான், வாசலில் வந்து நிற்கிற தபால்காரர், எல்லோரும் அந்த விரலுக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கிறோம். அடுப்பில் இருந்த பால்தான் கட்டுப்பட்டதில்லை.

இஸ்திரிப் பெட்டியும் ஒருமுறை கட்டுப்படவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நான் உடுத்த வேண்டிய பாவாடைமேல் அதை வைத்துவிட்டு ஒரு பத்தி படித்தாய். துணி முக்கோணமாகக் கருகிப்போயிற்று. "மத்தவங்க அம்மா எல்லாம் இப்படி இல்லை!" என்று நான் கத்தினேன். உன் அன்றைய கட்டைப் பிடுங்கிக் கரி மூட்டைக்குப் பின்னால் எறிந்தேன். கருகின இடத்தை வெட்டியெடுத்து, வேறொரு துணியில் பூ மாதிரி கத்தரித்து அங்கே வைத்துத் தைத்துக்கொண்டே கேட்டாய். "மத்தவங்க அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு நீ கேட்டுப் பாத்திருக்கியா?" நான் கேட்டதில்லை. உன்னிடமும் கேட்டதில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு 'ஒரு நிமிடமும் ஒதுக்கிக்கொள்ளாதவர்' என்று எவராவது எழுத முடியுமா? தெரியாமல் எழுதினால் மன்னிக்கலாம். அந்த மனிதருக்குத் தெரியும்.

சங்கத்து வாசகசாலை அக்ரஹாரத்தை அடுத்த தெருவில் இருந்தது. பெண்களுக்கு அதில் இடமில்லை. ஆண்டு விழா அன்றைக்கு மட்டும் பின்வரிசையில் உட்காரலாம். உறுப்பினர் பெயர் அப்பாவுடையது. அப்பா செய்தித்தாளுக்கு அப்பால் எதையும் படித்தவரில்லை. என்ன புத்தகம் வேண்டுமென்று நீ சீட்டில் எழுதித் தருவாய்; நான் போய் வாங்கிவருவேன். சங்கத்துப் புத்தகத்தை மட்டும் நீ பிரித்ததே கிடையாது. அதற்கு மாறாக, பக்கம் கழன்று வந்தவற்றையெல்லாம் தைத்துத்தான் திருப்பி அனுப்புவாய். யாரும் உன்னிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

அப்படி ஒரு தடிமனான நாவல் வந்தது. ராணி ஒருத்தி மாறுவேடத்தில் ஊர் ஊராகப் போகிற கதை. அதை நீ வார்டுக்கு எடுத்துப்போனாய். அங்கே படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் நஞ்சன்கூடு பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். தமிழ்க் கதையை அவர்களுக்குக் கன்னடத்தில் சொல்வாய். வலி எடுத்துக்கொண்டிருப்பவள்கூட "முந்தே ஏனாயித்து, சிஸ்டரம்மா?" என்று, அடுத்து என்ன ஆயிற்று எனக் கேட்பாளாம். அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காரியதரிசி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா திரும்பி வந்தபோது செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"நீ தைச்ச பட்டு நூலைப் பாத்திருக்கார். ஒரு பக்கத்துல டிஞ்சர் கறையும் இருந்துச்சாம். பிரசவ வார்டுல வச்ச புஸ்தகத்தை மத்தவங்க பூஜை இருக்கிற வீட்டுக்குள்ள எப்படிக் கொண்டுபோவாங்கன்னு கேக்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எழுதிக் கேட்டார். எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னன்னு?"

அப்பா தரையைப் பார்த்தார். "இனிமே என் மனைவி சங்கத்துப் புஸ்தகத்தைத் தொடமாட்டாள்னு."

நீ அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்திருந்தாய். உடை மாற்றவில்லை. சைக்கிளைத் திருப்பினாய். "ஏறு" என்று என்னிடம் சொன்னாய். கேரியரில் உட்கார்ந்து உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

வாசகசாலையில் எட்டுப் பத்துப் பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். நீ என் கையைப் பிடித்தபடி நேரே காரியதரிசியின் மேசைக்குப் போனாய். அவர் எழுந்திருக்கவில்லை.

"லேடீஸ் வர்றதுக்கு ஆண்டு விழா இருக்கேம்மா."

"என் வீட்டுக்காரர் எழுதிக் குடுத்த கடுதாசியை வாங்கிட்டுப் போக வந்தேன். தொடறது என் கை. அதுக்கு அவர் கையெழுத்துப் போட முடியாது."

"சுத்தம்னு ஒண்ணு இருக்கும்மா. அந்த வார்டுல இருந்ததை நாலு பேர் வீட்டுக்குள்ள எப்படிக் கொண்டுபோவாங்க?"

"உங்க பொண்ணு ரெண்டும் அந்த வார்டுலதான் பொறந்துச்சு. நான்தான் கையில ஏந்தினேன். அதுங்களை வீட்டுக்குள்ள எப்படிக் கொண்டுபோனீங்க?"

பேப்பர் புரளும் சத்தம் நின்றது. யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். காரியதரிசி மேசைமேல் இருந்த மைக்கூட்டை இங்கிருந்து அங்கே நகர்த்திவைத்தார். "கமிட்டி முடிவு பண்ணும்" என்றார்.

கமிட்டி முடிவு பண்ணியது. அப்பாவின் பெயரை அடித்துவிட்டார்கள். கடிதமும் திரும்ப வரவில்லை. காரியதரிசியிடம் பேசிவிட்டு அன்று மாலை வீட்டுக்கு வரும்போது நீ சைக்கிளில் ஏறவில்லை. தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தாய். எனக்குக் கால் வலித்தது; முணுமுணுத்தேன். உன்னால் ஏற முடியவில்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு வெகுகாலம் வீட்டில் இருந்ததையே திரும்பத் திரும்பப் படித்தாய். ஒருமுறை கன்னடப் பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருவர் பிரசவத்துக்கு வந்தார். அவர் வார்டில் இருந்த பத்து நாளில் அவரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டாய். நஞ்சன்கூடு பஸ்ஸின் பலகையையும் கடைப் பெயர்களையும் சத்தமாக எழுத்துக் கூட்டிப் படித்து என் மானத்தை வாங்கினாய். ஒரே வருடத்தில் கன்னட நாவல்கள் பையில் கட்டுக் கட்டாக வர ஆரம்பித்தன. இதைச் சொன்னால், "எல்லாம் நல்லதுக்குத்தான். அன்னைக்கு அவர் அப்படிச் செய்யலைன்னா உங்கம்மா கன்னடம் கத்துக்கிட்டிருப்பாங்களா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீ கற்றுக்கொண்டது உன் கெட்டிக்காரத்தனம். கதவைச் சாத்தியவருக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

நேற்றைக்குக் கூட்டம் அதே கூடத்தில்தான் நடந்தது. நீ தலைமை நர்ஸாகி, ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகளை எடுத்தவள் என்று பெயர் வாங்கிய பிறகு, செத்துப்போய் ஒரு வருடம் ஆனதும் சங்கத்துக்கு நீ வேண்டியவளாகிவிட்டாய். உன் படத்துக்குப் பெரிய மாலை. முன்வரிசையில் அப்பா. தலைவர் எழுந்து, "அந்த அம்மையாருக்குப் பொழுதுபோக்கு என்றோ ஆசை என்றோ ஒன்றுமே இருந்ததில்லை" என்று ஆரம்பித்தார்.

என்னை யாரும் பேசக் கூப்பிடவில்லை. நானே எழுந்தேன். "எங்கம்மாவுக்கு ஆசை இருந்தது. இந்த அறையில் இருந்த புத்தகங்கள்மேல்தான் இருந்தது" என்றேன். விசிலைச் சொன்னேன், கட்டுகளைச் சொன்னேன், ராணி கதையைச் சொன்னேன். புத்தகத்தைத் தைத்துக் கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்பதையும் சொன்னேன். குரல் உடையாமல் சொல்லவேண்டுமென்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம்தான் குனிந்தார். "என்ன சார் இது? பொண்ணுகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்பா எழுந்தார். அவர் என்னை உட்காரச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், அம்மா. அன்றைக்குப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்தார்.

"அவ சொல்றது நிஜம். அந்தக் கடுதாசியில கையெழுத்து என்னோடது. நான் போட்டிருக்கக் கூடாது. அதை எனக்குத் திருப்பிக் குடுங்க."

"பன்னண்டு வருஷத்துக் கடுதாசி சார், எங்க இருக்கோ!"

"தேடுங்க. நான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தேவிட்டார். கூட்டம் பாதியில் கலைந்தது. பழைய கட்டுகளை இறக்கிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. கரையான் தின்றிருக்கும் என்றார்கள். அப்பா ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, தலைவரின் மேசையிலேயே வைத்து எழுதினார்: 'என் மனைவி எதைத் தொடலாம், எதைப் படிக்கலாம் என்று எழுதிக் கொடுக்க எனக்கு உரிமை இருந்ததில்லை. முன்பு எழுதியதை ரத்து செய்கிறேன்.' கீழே கையெழுத்துப் போட்டார். தலைவர் வாங்கிக்கொண்டார். வருத்தம் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அப்பாவைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவர்மேல் பாசம் பொங்கியது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காகிதத்தை நீ இருந்தபோது எழுதியிருந்தால் என்ன? அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தீர்களே! அதை வழியெல்லாம் கேட்க நினைத்தேன். கடைசியில் கேட்டும்விட்டேன். "தைரியம் இல்லைம்மா" என்றார். அவ்வளவுதான். இந்தக் கோபம் இதோடு ஆறிவிட்டது என்று உனக்கு எழுத என்னால் முடியாது. ஆறவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே வீட்டுக்குப் போவதில்லை. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு கல்மேல் அரைமணி நேரம் உட்கார்ந்து படிக்கிறேன். வாசல்படி ஏறும்போதே மாமியார் பாதிக் கன்னடத்தில் ஏன் என்று கேட்பார். "யாகெம்மா, இவ்வளவு லேட்டு?"

கூட வேலை செய்கிற டீச்சர்கள் எனக்குக் காரணங்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். மீட்டிங் இருந்தது என்று சொல்லலாம், பஸ் வரவில்லை என்று சொல்லலாம்.

"படிச்சுக்கிட்டிருந்தேன்" என்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்ப்பதில்லை.