கையெழுத்துக்குக் கீழே ஓர் எண்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

ஓய்வில்லாமல் பறக்க வைக்கிறார்கள் என்று, விமானிகள் சங்கம் தொடங்க ரகசியமாகக் கையெழுத்துப் போட்டோம். மற்றவர்கள் அடையாளம் தெரியாமல் கிறுக்கினார்கள். நான் மட்டும், விமானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் பழக்கத்தில், கீழே என் லைசென்ஸ் எண்ணையும் எழுதித் தொலைத்தேன். அந்தத் தாள் இப்போது மேலாளர் கையில் சிக்கிவிட்டது.

"முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவாங்க" என்றார் என்னோடு பறக்கும் கேப்டன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த வார அட்டவணையில் என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்கலாம்.

வீட்டில் என் அறையில் இருக்கும் மூட்டைகளைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். என் போன் கம்பெனி கொடுத்தது. அதில் இதையெல்லாம் விசாரிக்காதீர்கள். வழக்கம்போல் "சாப்பிட்டியாம்மா" என்று மட்டும் கேளுங்கள். "பசிக்கலப்பா" என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

கதவைத் தட்டுகிறார்கள். நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்