தீம் பார்க் வாசலில் மழை

நவம்பர், ஞாயிறு இரவு

மழை இன்னும் விடவில்லை. எனக்குத் தூக்கமும் வரவில்லை.

பெண் பார்க்க வீட்டுக்கு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று, தஞ்சாவூர்ப் பக்கத்துத் தீம் பார்க்கில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் இரு வீட்டாரும் ஏற்பாடு செய்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் குடவாசலில் உள்ள எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். பகல் முழுக்க என்னைப் பார்க்க வந்தவரைத் தூரத்தில் பார்த்ததோடு சரி.

கிளம்பும்போது மழை கொட்டியது. சாலையில் முழங்கால் தண்ணீர். ஒரு வண்டியும் நகரவில்லை. டிக்கெட் கவுண்டர் கூரைக்கடியில் கூட்டம் நெருக்கித் தள்ளியதில், அத்தாவும் அம்மாவும் அந்தப் பக்கம் போக, நான் அவர் பக்கத்தில் நின்றேன். காலையிலிருந்து மனதை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நான் எம்.ஏ. முடிக்கணும். நிறுத்தச் சொல்லுவீங்களா?"

"ஏன் நிறுத்தணும்? முடிங்க. அடுத்த லீவுலதான் கல்யாணம்னு வீட்ல சொல்லிடுறேன்."

"உங்க அம்மா ஒத்துக்குவாங்களா?"

"துபாய்க்குப் போறதுக்கே அழுது ஒத்துக்கிட்டாங்க. இதுக்கும் கொஞ்சம் அழுவாங்க."

சிரித்துவிட்டேன். எதிர்வீட்டு மாமி, தலையில் பாலிதீன் பையோடு திரும்பினார். "யாருடி இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "மாப்பிள்ளைங்க மாமி. பொண்ணு இன்னும் சரின்னு சொல்லல."

கூரைக்கடியில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மழை நிற்கவே கூடாது என்று இருந்தது.

காலையில் அத்தா கேட்பார். சரி என்று சொல்லவேண்டும். உடனே சொல்லிவிடக் கூடாது. தேநீர் குடித்து முடிக்கும்வரையாவது அவரைக் காக்கவைக்க வேண்டும்.