கண்மாய்க்குள் ஒரு ஹாக்கி டீம்

மாப்ளே,

நேற்று பேத்தி வீட்டு டி.வி.யில் ஏதோ ஒரு குளிர் நாட்டைக் காட்டினார்கள். ஏரித் தண்ணீர் பாறைபோல உறைந்து கிடக்கிறது. அதன் மேல் பையன்கள் ஹாக்கி ஆடுகிறார்கள். கீழே ஓடிய எழுத்தை யாரையும் கேட்காமல் நானே கூட்டிப் படித்துவிட்டேன்: உறைந்த ஏரியில் சிறுவர் ஹாக்கி. எனக்கு ஒரே குஷி. உன்னிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ கண்ணை மூடி, வருகிற மாசியோடு மூன்று வருஷம்.

அதனால் எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் இப்போதுதான் கற்ற எழுத்து. நாலு வரிக்கு ஒருமுறை கை ஓய்வு கேட்கிறது. உட்கார்ந்தால் இடுப்பும் கேட்கிறது.

அவர்களுக்குத் தண்ணீர் இருந்தால் ஆட்டம். நமக்கு வற்றினால்தான் ஆட்டம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த உன் சித்தப்பா ஒரு மட்டையும் ஒரு பந்தும் விட்டுப் போனார். மற்ற மட்டையெல்லாம் வளைந்த கருவேலங்கிளை. ஊரில் சமதளமான ஒரே இடம் வறண்ட கண்மாய். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கல் நட்டால் கோல். நீ கேப்டன். பனை மட்டையைச் செதுக்கிக் காலில் கட்டிக்கொண்டு கோலில் நிற்பவன் நான். மழை பெய்த வருஷம் டீம் கிடையாது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் நமக்கு வைத்த பேரே ‘பஞ்ச டீம்’.

மூன்று வருஷம் சேர்ந்தாற்போல மழை தவறியது. டீம் நன்றாகத் தேறியது. டவுன் பையன்களோடு அவர்கள் மைதானத்திலேயே சமமாக முடித்தோம். மறு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, நம் கண்மாயில். ஜெயித்தால் அடுத்த சுற்றுக்கு ரயிலில் திருச்சிக்குப் போகலாம். அடுத்த வருஷம் உனக்குச் சிறுவர் டீமுக்கான வயது தாண்டிவிடும். நீ அதுவரை ரயில் ஏறியதில்லை.

வெள்ளிக்கிழமை ஊர் கூடி, மழை வேண்டிக் கொடும்பாவி இழுப்பதென்று முடிவு செய்தது. வைக்கோலில் பொம்மை கட்டி, இழவு வீடுபோல ஒப்பாரி வைத்துத் தெருத்தெருவாக இழுக்க வேண்டும். இழுக்கிற வேலை இளவட்டங்களுக்கு. அதாவது நம் டீமுக்கு.

கயிற்றைப் பிடித்ததும் நீ கிசுகிசுத்தாய்: “சும்மா பேருக்கு இழுங்கடா. எவனும் நெசமா அழுதுறாதீங்க. திங்கக்கெழம பெய்யட்டும்.”

“சாமிக்குத் தெரிஞ்சிராதா?” என்றேன்.

“சாமி என்ன டவுன் டீமா, நம்மள வேவு பாக்க?”

சிரிப்பை அடக்கியதில் எல்லார் முதுகும் குலுங்கியது. பார்த்தவர்கள் அழுகை என்றே நினைத்தார்கள். நான் மட்டும் நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதேன். நீ திரும்பி என்னை முறைத்தாய்.

சனிக்கிழமை மத்தியானம் பிடித்த மழை மறுநாள் காலைவரை விடவில்லை. கோல் கற்கள் தண்ணீருக்குள் போயின. மட்டையும் கையுமாக நீ கரையில் நனைந்துகொண்டு நின்றாய்.

“என்னடா மூஞ்சி இது, பெய்யக் கூடாதா?” என்றார் உன் அப்பா.

“இல்லப்பா. நல்ல மழ.”

ஊரே சிரித்த நாளில் நீ வேறென்ன சொல்ல முடியும்?

அடுத்தடுத்த வருஷங்களும் நல்ல மழை. மறுபடி கண்மாய் வற்றியபோது நமக்கெல்லாம் மீசை வந்துவிட்டது. டீம் அதோடு சரி. நீ ரைஸ் மில்லுக்குப் போனாய், நான் வயலுக்கு. டீக்கடையில் பார்க்கும்போதெல்லாம், “ஒன் கண்ணீர்லதான்டா கண்மாயே நெறஞ்சுச்சு” என்பாய். சிரித்துக்கொண்டே நான் அங்கிட்டு நகர்ந்துவிடுவேன். ஏன் அழுதேன் என்று சொன்னதே இல்லை.

இப்போது சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் பிழைக்கப் போவதற்கு அப்பா சட்டிபானையைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். மழை வராவிட்டால் ஞாயிறு விடியலில் கிளம்பிவிடுவோம். பயிருக்காக நான் அழவில்லை, மாப்ளே. உன் டீமுக்குக் கோலில் நிற்க வேண்டுமென்று அழுதேன். மழை வந்தது, நானும் ஊரிலேயே இருந்துவிட்டேன். நிற்கத்தான் இடமில்லை.

கை ஓய்ந்துவிட்டது. கரைப் பக்கம் போனால் இப்போதும் கண் தானாக அந்தக் கற்கள் முங்கிக் கிடக்கிற இடத்துக்கே போகிறது. பனை மட்டை கட்டிய இடத்தில் கால் லேசாக அரிக்கிறது.