மூக்குத்தி இல்லாத போலீஸ்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மூக்குத்தியைப் போட்டுப் பார்த்தேன். பல் கூடத் துலக்கவில்லை. பீரோவில் குங்குமச் சிமிழுக்குள் எட்டு வருடமாகக் கிடந்தது அது. கண்ணாடி முன்னால் நின்று அழுத்தினேன். துளை தூர்ந்து போயிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது ஒரு சொட்டு ரத்தம் மேலுதட்டில் இறங்கியது. கூடத்திலிருந்து அவர், "இன்னைக்குக் காப்பி உண்டா இல்லையா?" என்றார். "வாரேன்" என்று சொல்லி, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் செல்லத்தாயி வந்திருந்தாள். செருப்பைக் கழற்றினாளே தவிர வாசலைத் தாண்டவில்லை. அவளுடைய இடது கை அப்படியேதான் இருக்கிறது, முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்து.

"அக்கா போயிட்டாவ டீச்சர். மத்தவிய எல்லாம் பயந்து ஒதுங்கிட்டாவ. இத்தன வருசமா எனக்குச் சாட்சின்னு இருந்தது அவிய ஒருத்தருதான். வார செவ்வாக்கிழம கோர்ட்ல கூப்புடுதாவ. சாட்சி இல்லன்னா கேச முடிச்சிருவாவன்னு வக்கீலு சொல்லுதாரு."

அவள் அக்கா என்றது உன்னைத்தான்.

"உங்கள வரச்சொல்லிக் கேக்க வரல. நீங்க மேடையில உசரத்துல நின்னீய. எல்லாம் தெரிஞ்சிருக்கும். அதான்."

"பாப்போம்" என்றேன். அந்தச் சொல்லை நான் எப்போது சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நீ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வைத்திருந்த போன் பூத்தில் உட்கார்ந்து, பில் தாள் சுருளின் பின்பக்கத்தில் எழுதிய நாடகத்துக்கான மேடை அது. நகரத்தில் கலவரம், கடைகள் எரிகின்றன. மறுநாள் போலீஸ் குடிசைகளுக்குள் புகுந்து கண்ணில் பட்டவனையெல்லாம் அடித்து அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு தாய் மகனைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைகிறாள். தாயாக நீ. உயரமாக இருந்த ஒரே காரணத்துக்காக போலீஸாக நான். நம்மோடு எழுத்தறிவு வகுப்பு நடத்திய நான்கு பேர் மற்ற வேஷங்கள்.

எட்டயபுரத்தில் போட்டபோது ஒரு பெரியவர் கடைசிவரை இருந்து, "அந்தப் பய கெடச்சானாம்மா?" என்று உன்னிடம் கேட்டார். நாடகம்தான் என்று சொன்னதற்கு, "அது தெரியும். பய கெடச்சானா?" என்றார். புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற வீட்டில் எல்லோருக்கும் மோர் கொடுத்த அம்மாள் என்னை மட்டும் விட்டுவிட்டாள். "அவளுக்கு எதுக்கு? பெத்தவள அந்த அடி அடிச்சாளே." கயத்தாற்றில் ஒரு லாரி டிரைவர் என் மேல் செருப்பை வீசினார். நீ அதை எடுத்து வந்து பூத்தில் ஆணியடித்து மாட்டினாய். கேட்டவர்களிடமெல்லாம், "டீச்சருக்குக் கெடச்ச பரிசு. ஒத்தச் செருப்புதான், அடுத்தது அடுத்த நாடகத்துக்கு" என்றாய்.

ஆனால் நான் காக்கியோடு மேடையேறியதும் எந்த ஊரிலும் முதலில் வருவது சிரிப்புதான். "ஏட்டி, போலீசு மூக்குத்தி போட்டிருக்கு பாரு" என்று ஒருத்தி தொடங்குவாள். "ஏட்டையா, கல்லு நல்லாருக்கே, எங்கன வாங்குனீரு?" என்று இன்னொருத்தி. எனக்கு உடம்பெல்லாம் கூசும். கழற்றிவிடுகிறேன் என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொன்னேன். நீ விடவில்லை.

"கழத்தாத. சிரிக்கட்டும். இது நம்ம டீச்சருதான்னு தெரிஞ்சாத்தான் கடைசிவர உக்காந்து பாப்பாவ."

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். சிரிப்பு முடிந்து நான் லத்தியை ஓங்குவேன் அல்லவா, அந்த நிமிடம் கூட்டம் மொத்தமும் அடங்கிப் போகும். முன்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அமைதியாக உட்காரவைக்கத் தொண்டை வறளும் எனக்கு, அந்த அமைதி பிடித்திருந்தது. சிரிப்பு இல்லாமல் முதலிலிருந்தே அது கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

ஐந்தாவது ஆட்டம் நம் ஊரிலேயே, எட்டயபுரம் ரோட்டில் இருந்த செல்லத்தாயியின் காலனியில். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி மருந்து முக்கும் வேலை முடிந்து பெண்கள் கைகால் கழுவிவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சிமெண்ட் மேடைதான் நமக்கு மேடை. மேடையின் இடது பக்கம் கரிசல் காட்டுக்குப் போகும் சந்து. எதிரே ரோடு. போலீஸைப் பற்றிய நாடகம் என்று யாரோ சொல்லி, ரோட்டு முனையில் ஒரு ஜீப்பும் மூன்று போலீஸ்காரர்களும் வந்து நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. உண்மையான போலீஸ் பார்க்க, மூக்குத்தியோடு நின்று சிரிப்பு வாங்குவதா என்றும் இருந்தது. திரைக்குப் பின்னால் நீ முதுகைக் காட்டி நின்ற நேரத்தில் அதைக் கழற்றி மேல்சட்டைப் பைக்குள் போட்டேன்.

மேடையேறினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அடுத்தது கடை எரியும் காட்சி. திரைக்குப் பின்னால் ஒரு முழு வத்திப்பெட்டியை மொத்தமாகப் பற்றவைத்தால் சீறலும் வெளிச்சமும் வாடையுமாக அந்த இடமே எரிகிற மாதிரி இருக்கும் என்பது உன் யோசனை. நான்கு ஊரிலும் அதற்குக் கைதட்டல் விழுந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த நமக்கு அது தெரியாததா? தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்: மருந்து சீறுகிற சத்தம் கேட்டால், வாடை வந்தால், எங்கே என்று திரும்பிப் பார்க்காதே, ஓடு. பார்க்க நின்று கருகியவர்களின் கதை அந்தக் காலனியில் இரண்டு வீட்டுக்கு ஒன்று இருந்தது.

நீ பற்றவைத்தாய். சீறியது. கத்தல் கூட இல்லை. நூறு பெண்கள் ஒரே மூச்சில் எழுந்து, பிள்ளைகளைக் கிடைத்த இடத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லோரும் சந்துப் பக்கம், காட்டை நோக்கித்தான் ஓடினார்கள். அப்படியே விட்டிருந்தால் காட்டில் போய் நின்று, மூச்சு வாங்கி, நம்மைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நான் மேடையின் சந்துப்பக்க ஓரத்துக்கு வந்து, இரண்டு கையையும் விரித்து, "ஓடாதீங்க, நாடகம்தான்" என்று கத்தினேன். வலது கையில் லத்தி இருந்தது. முன்னால் ஓடிவந்தவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். காக்கியும் கம்பும் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தன. "அய்யோ, இங்கனயும் நிக்காவ" என்று திரும்பினாள். அவள் திரும்ப, எல்லோரும் திரும்பினார்கள். கூட்டம் ரோட்டை நோக்கிப் பாய்ந்தது. அங்கே நின்ற மூன்று பேருக்கு நூறு பேர் தங்கள் மேல் பாய்ந்து வருவதாகத் தோன்றியிருக்கலாம். அவர்கள் ஓங்கிய கம்பு நம் நாடகத்தில் வருவது போல நடுவழியில் நிற்கவில்லை. செல்லத்தாயி வலது இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். அந்தக் கையில் மூன்று அடி. மூன்றாவது அடிக்கு முன் அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். மேடையிலிருந்து எல்லாம் தெரிந்தது.

மறுநாள் நம் இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவே இல்லை.

"கவர்மெண்ட் சம்பளம் வாங்குதீங்க டீச்சர். காக்கி போட்டு ஆடுனதுக்கு யாருட்ட அனுமதி கேட்டீங்கன்னு நான் கேக்கல. கூட்டத்துல விழுந்து கை ஒடிஞ்சிருக்கு, அவ்வளவுதான. எழுதிட்டு நிம்மதியா போங்க."

பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினேன். நோட்டுத் திருத்தும் பேனா அது. "செவப்புல வேண்டாம் டீச்சர்" என்று தன் பேனாவைக் கொடுத்தார். யாரும் யாரையும் அடிக்கவில்லை, நெரிசலில் விழுந்ததால் காயம் என்று, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோல ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

நீ எழுதவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தாய்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"ம்."

"சரி. சாப்புட்டியா?"

நீ திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு வருடம் தினமும் ஒரு போலீஸ்காரர் உன் பூத் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போன் பேச வந்தவர்கள் பார்த்துவிட்டு அடுத்த பூத்துக்குப் போனார்கள். நீ பூத்தை மூடினாய். அடித்தவர்கள் மேல் செல்லத்தாயி போட்ட வழக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளோடு போனாய். நீதிபதி வரவில்லை என்று திரும்பி வந்த நாட்களில்கூட என் வீட்டு வழியாக வரவில்லை. என்னை வா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன். அப்போதும் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

எட்டு வருடமாக என் பயம் குறையவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேச ஒரு கான்ஸ்டபிள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அவருக்குப் பூங்கொத்து கொடுக்க வேண்டியவள் நான். அருகில் போனதும் கொத்தைத் தவறவிட்டேன். இப்போது தலைமையாசிரியை ஆவதற்கான பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அவர்கள் தரப்பு வக்கீல் கையில் வைத்திருப்பதும் நான் எழுதிக் கொடுத்த தாள்தான் என்று செல்லத்தாயிக்கு நிச்சயம் தெரியும். தெரிந்தேதான் வந்து, வாசலில் நின்று, "நீங்க உசரத்துல நின்னீய" என்றாள். கோர்ட்டில் அந்தத் தாளை என் முன்னால் நீட்டி, அன்று பொய்யா இன்று பொய்யா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் என் நாக்கு எழும்புமா என்று தெரியவில்லை. வேலை போகுமோ, வீட்டு எதிரில் நாற்காலி வந்து விழுமோ, அதுவும் தெரியவில்லை. இந்தக் கடிதத்தையே அடித்து அடித்துத்தான் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

காப்பியைக் கொடுத்துவிட்டு வந்து விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். செவ்வாய்க்கிழமை ஒரு நாள். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "சாட்சி சொல்ல" என்று எழுதினேன். இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை, வீட்டில் அவரிடம்கூடச் சொல்லவில்லை. நான்காக மடித்து, சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மூக்கில் ஒரு வேப்பங்குச்சியைச் சீவிச் செருகியிருக்கிறேன். வலிக்கிறது. செவ்வாய்க்குள் துளை திறந்துவிடும். மூக்குத்தியோடு சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும்போது, அது யாரென்று செல்லத்தாயிக்குத் தெரிய வேண்டும்.