குமிழி வராத பொட்டலம்

அக்கா,

குரோம்பேட்டைக் கடையின் பரணை ஒழித்தபோது ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து சிக்கெண்ணெய் வாடை அடித்தது. உள்ளே ஒரே ஒரு வறுகடலைப் பொட்டலம், பிரிக்காதது. மூலையில் சின்னச் சிலுவை. ஒட்டின சூடு ஆறுவதற்குள் கத்திமுனையால் நீங்கள் போடும் அடையாளம். "சாமிக்காக இல்ல தம்பி, எது என் வேலைன்னு தெரிய வேணாமா?" என்பீர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பொழிச்சலூரில் கடலையைப் பொட்டலம் கட்டி விற்கக் கொட்டகை போட்டேன். பாலியஸ்டர் பிளாஸ்டிக் தாள் அப்போது புதுசு. கண்ணாடி மாதிரி மின்னும், இழுத்தாலும் கிழியாது. "தண்ணியே போகாது சார், காத்தா போகப் போவுது?" என்று பேசித்தான் ஆர்டர் பிடித்தேன். சூட்டுக் கம்பியால் பை வாயை ஒட்டுவது, கூலிக்கு வந்த நீங்கள். ஒவ்வொரு பொட்டலத்தையும் வாளித் தண்ணீரில் முக்கி அழுத்துவீர்கள். குமிழி வந்தால் அது கழிவு.

மழைக்காலம் முடிந்ததும் சரக்கு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. கடலை எல்லாம் சிக்கு. நான் கத்தினேன்.

"இன்னா தம்பி, என் ஒட்டுலயா ஓட்டை கீது? வா, முக்கிக் காட்டறேன்."

திரும்பி வந்ததில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் முக்கினீர்கள். ஒன்றிலும் குமிழி இல்லை. பிறகு புதுப் பையில் பெருங்காயக் கட்டி ஒன்றை வைத்து ஒட்டி, அதையும் முக்கிப் பார்த்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினீர்கள். சில நாள் கழித்துத் திறந்தால் டப்பா பூராவும் பெருங்காய வாசம்.

"ஓட்டை இல்ல. ஆனா வெளிய வந்துகீது. உன் தாளைக் கேளு."

கேட்டேன் அக்கா. தாம்பரம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தெரிந்தவரிடம் போனேன். வாயு ஓட்டையைத் தேடுவதில்லை என்றார். தண்ணீரில் உப்பு கரைவது போலப் பிளாஸ்டிக்கிலேயே கரைந்து, மெல்ல நகர்ந்து, மறுபக்கம் வெளியேறுமாம். வெளிக்காற்றின் ஆக்சிஜனும் அப்படியே உள்ளே போய் எண்ணெயைக் கெடுக்குமாம். தாள் மெலிசாக இருந்தால் வேகம், வெயிலில் இன்னும் வேகம். திரும்பி வரும்போது எனக்கு எல்லாம் தெரியும்.

மறுநாள் காலை சரக்கு வாங்குபவர் வந்து நின்றார். "தாள்ல கோளாறா, ஆள்லயா? தாள்னா இத்தோட எல்லாத்தையும் நிறுத்திடுய்யா." கூரை முட்ட அதே தாள் சுருள்கள். பக்கத்தில் சூட்டுக் கம்பியோடு நீங்கள்.

"ஆள்லதான் சார். இன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிடறேன்" என்றேன்.

நீங்கள் சண்டை போடவில்லை. சூடு படாமலிருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்து மேஜைமேல் வைத்தீர்கள். "சரி தம்பி. உனக்குத் தெரியும்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த மாதமே தடிமனான தாள் வாங்கினேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. வியாபாரம் வளர்ந்தது. உங்களுக்கோ 'ஒட்டத் தெரியாதவள்' என்ற பேர் முந்திக்கொண்டு போக, எந்தக் கொட்டகையும் வேலை தரவில்லை. பல்லாவரம் கல்குவாரிக்குப் போனீர்கள். இருமல் வந்தது, ரத்தம் வந்தது. அடக்கத்தன்று தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, உங்கள் மகள் திரும்பிப் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன்.

அவள் இன்னும் நீங்கள் இருந்த அதே தெருவில்தான் இருக்கிறாள். அம்மா வேலையில் குறை வைத்தவள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

இன்று அந்தப் பொட்டலத்தை வாளியில் முக்கி, இரண்டு கையாலும் அழுத்தினேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை அக்கா. துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். உங்கள் தெரு நடக்கிற தூரம்தான். இன்னும் செருப்பை மாட்டவில்லை.